ஆர்லிஸ் ஹகலாவும் டோய்வோவின் வயிறும்

அமெரிக்காவின் வடக்கே, எங்கள் டுலூத் ஊரின் மேட்டுத் தெருக்களில் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் ஆர்லிஸ் ஹகலா. ஜனவரிப் பனியில்கூட ஒரு வேலியை உரசியதில்லை. தினமும் வண்டியை எடுக்கும் முன் பிரேக், விளக்கு, டயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எழுதி வைத்துவிட்டுத்தான் ஏறுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கம் அப்படியே டோய்வோவின் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டது.

டோய்வோ அவருடைய நாய். யார்க்‌ஷயர் டெரியர்; என் தபால் பையில் போட்டால் எடை தெரியாது. கணவர் இறந்த வருஷம் வாங்கியது. அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான்.

நான் டுவேன், அந்தத் தெருவின் தபால்காரன். இருபது வருஷத்துக்கு முன் ஒரு நாய் என் கெண்டைக்காலைப் பதம் பார்த்ததிலிருந்து எனக்கும் நாய்களுக்கும் ஆகாது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் செய்வதுபோல நானும் பையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் லஞ்சம் கொடுத்துக் காலைக் காப்பாற்றிக்கொள்கிறவன். டோய்வோவுக்கு மட்டும் பயந்து கொடுக்கவில்லை. கதவில் தபால் போடும் துளைக்குப் பின்னால் உட்கார்ந்து, என் காலடி கேட்டதும் வாலால் தரையைத் தட்டும். எனக்கு அப்படியொரு வரவேற்பு வேறெங்கும் கிடையாது, என் வீடு உட்பட. கடிதங்களோடு ஒரு பிஸ்கட்டையும் தள்ளுவேன். ஆர்லிஸ் சமையலறையிலிருந்து வருவதற்குள் துணுக்கு மிஞ்சாது.

டோய்வோவுக்கு மூன்று வருஷமாக வயிறு சரியில்லை. இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் வாந்தி, பேதி. டாக்டர் சொன்னபடி ஆர்லிஸ் கோழியை நிறுத்தினார், மாட்டிறைச்சியை நிறுத்தினார், கோதுமையை நிறுத்தினார். கடைசியில் வேகவைத்த முயல் கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும்தான் மிஞ்சின. நாளுக்கு நான்கு வேளை, அலாரம் வைத்து, ஒவ்வொரு வேளையும் இரண்டு கரண்டி. ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் காலண்டரில் தின்றது எவ்வளவு, வாந்தி உண்டா, மலம் கெட்டியா தண்ணியா என்று தினமும் பென்சிலில் குறிப்பு.

"பஸ்ஸா இருந்தா எங்க ரிப்பேருன்னு இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பேன்" என்று அலுத்துக்கொள்வார்.

குளிர்காலத்தில் நான் வழுக்கி விழாமலிருக்கப் படியில் உப்புத் தூவி, பிளாஸ்கில் காபியும் வைத்திருப்பார். குடித்துக்கொண்டே கேட்பேன்.

"பையன் எப்படி இருக்கான்?"

"நேத்துலேர்ந்து தண்ணியாத்தான் போறான்ப்பா."

"அடப் பாவமே."

அந்த மாதிரி நாட்களில், பாவம் என்று இரண்டு பிஸ்கட் தள்ளுவேன்.

போன அக்டோபரில் முழங்கால் பிசகி மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். திரும்பி வந்த அன்று ஆர்லிஸ் வாசலிலேயே நின்றிருந்தார்.

"டுவேன்! மூணு வாரமா கெட்டிப்பா! மூணு வாரம்!"

நாய் மலத்துக்காக ஒரு மனுஷி இப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் உள்ளே போனதும் அதைக் கொண்டாட இரண்டு பிஸ்கட் தள்ளினேன். மறுநாளும் தள்ளினேன்.

மூன்றாம் நாள் ஆர்லிஸ் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கம்பளி சுற்றிய டோய்வோ. வால் அசையவில்லை.

"மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. இப்ப ரத்தமும் வருது. நாளைக்கு மயக்க மருந்து குடுத்து உள்ள குழாய் விட்டுப் பாக்கப் போறாங்க. இவன் இதயம் தாங்குமான்னு சொல்ல முடியாதுன்னு டாக்டரே கையை விரிச்சிட்டாரு." காலண்டரை என்னிடம் நீட்டினார். "நீயே பாருப்பா. திங்கக்கிழமை நான் எதைத் தப்பாப் பண்ணேன்? தட்டைக்கூட மூணு தடவை கொதிக்க வச்சுட்டேன்."

பார்த்தேன். நான் வராத நாளெல்லாம் 'கெட்டி'. நான் வந்த மறுநாளே 'தண்ணி'. வாயை மூடிக்கொண்டு பிஸ்கட்டை மட்டும் நிறுத்திவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் மயக்க மருந்து நாளைக்கு.

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்து பின்பக்கத்தைப் படித்தார்.

"மாட்டெலும்புத் தூள். கோதுமை." நிமிர்ந்தார். "எத்தனை நாளா?"

"மூணு வருஷமா. ஞாயித்துக்கிழமை தவிர."

"வயிறு சரியில்லைன்னு நான் சொன்ன அன்னைக்கு?"

"ரெண்டு."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் குனிந்து நாயின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அப்போ என் கையில தப்பில்லையா? ஒவ்வொரு கரண்டி ஊட்டுறப்பவும், நான்தான் இவனைக் கொல்றேனோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், டுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முட்டாப்பயலே. நீ சொல்லாமலே போயிருக்கலாம், எனக்குத் தெரிஞ்சே இருக்காது. சொன்னியே, ரொம்ப நன்றிப்பா."

அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டார். மருந்து கொடுத்துச் சில வாரம் பார்ப்போம் என்று சோதனையைத் தள்ளி வைத்தார்கள். ஆறு வாரம் காலண்டரில் வரிசையாகக் 'கெட்டி'. சோதனையே வேண்டாமென்று ஆகிவிட்டது.

அந்த ஆறு வாரமும் நான் திருடனைப்போல் கடிதங்களைத் தள்ளிவிட்டு நடந்தேன். கதவுக்குப் பின்னால் வால் தரையைத் தட்டும் சத்தம் தெருமுனை வரை என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

டிசம்பரில் ஒருநாள் காபி பிளாஸ்கின் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. உள்ளே நகம் அளவுக்கு நறுக்கிக் காயவைத்த முயல் கறி. மூடியில் பென்சில் எழுத்து:

"டுவேன், தினமும் கதவுகிட்டயே உக்காந்திருக்கான், என்னால பாக்க முடியல. ஒண்ணு குடு. ஒண்ணுதான்."

முழங்கால் வலித்தது. பரவாயில்லை என்று பனியில் மண்டியிட்டு, துளையின் மூடியைத் தூக்கினேன்.