விரலைத் தள்ளிய சுவிட்ச்

பிள்ளைகளே, உறையூரில் எங்கள் வீட்டின் தரைக்கடியில் ஓர் அறை உண்டு. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஊறும். அதை வெளியேற்ற, மூலையில் குழி எடுத்து நீர்மூழ்கி மோட்டார் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் அடைப்பு எடுக்கும்போது மோட்டாரை வயரைப் பிடித்தே தூக்குவேன்.

போன மழையில் மோட்டாரைப் போட்டதும் படிக்கு மேலே இருக்கும் டிரிப்பர் சுவிட்ச், கோளாறு வந்தால் தானாகவே கரண்டை நிறுத்துவது, கீழ்ப்பக்கம் விழுந்து அணைந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. தண்ணீரோ ஏறிக்கொண்டே இருந்தது. மகள் நஸ்ரீனைக் கூப்பிட்டேன்.

"இதை விழாம பிடிச்சுக்கம்மா. நான் இறங்கிப் பாக்குறேன்."

"நிக்க மாட்டேங்குது அத்தா. வேணாம்னு என் விரலைத் தள்ளுது."

"சுவிட்சு உன்கிட்ட பேசுதாக்கும்!"

அவள் சிரிக்கவில்லை. "மெயினை அணைச்சிட்டேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க."

வந்தவர் மோட்டாரை எடுத்துக் காட்டினார். நான் இழுத்து இழுத்தே வயரின் உறை கிழிந்து செம்பு தெரிந்தது.

"கரண்ட் தண்ணியில கசிஞ்சிருக்குங்க பாய். டிரிப்பர் விழுந்ததாலதான் நீங்க உயிரோட நிக்கிறீங்க" என்றார்.

புது வயர் போட்டாயிற்று. மோட்டாரின் கைப்பிடியில் கயிறு கட்டித்தான் இப்போது தூக்குகிறேன். மெயினை அணைக்காமல் அந்தத் தண்ணீரில் கால் வைப்பதில்லை. டிரிப்பர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை நஸ்ரீன் அழுத்துவாள். சுவிட்ச் விழுந்தால்தான் எனக்கு நிம்மதி.