இப்றாஹிமின் நாலு மணி

நிறுத்தம் தாண்டி இறக்கிவிடும் பஸ் கண்டக்டரைச் சிங்களத்திலேயே கிழித்துத் தொங்கவிடுகிறவள் வெள்ளவத்தை பைறோஸா. முப்பது வருஷமாக ஒழுங்கையிலுள்ள பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கி, அதட்டி ஆளாக்கியவள். அப்பேர்ப்பட்டவள் ஒரு கம்ப்யூட்டருக்குப் பயந்து குசினிக்குள் ஒளிந்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

கணவர் இப்றாஹிம் மௌத்தாகி, அடக்கம் செய்து இருபத்துமூன்று நாள். பைறோஸா இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. மகள் நிஹ்லா வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் தனிதான். இரவில் நிஹ்லா அணைத்துவிட்டுப் படுத்தாலும், தினமும் சரியாக நாலு மணிக்கு முன்னறையில் இப்றாஹிமின் கம்ப்யூட்டர் தானாக எழும்பும். உள்ளே காற்றாடி இரையும், திரை வெளிக்கும். அஸர் தொழுதுவிட்டு வந்து, கலியாணக் கார்ட் அடிக்க அவர் உட்காரும் நேரம் அது.

பிளக்கைப் பிடுங்கலாம்தான். ஆனால் அது அவருடைய கையைத் தட்டிவிடுவதுபோல் இருந்தது. கூட வாழ்ந்த மனுஷனுக்கே பயப்படுகிறேனே என்ற வெட்கம் வேறு அவளைத் தின்றது. இந்தப் பயத்தோடு மிச்ச நாட்களை எப்படிக் கழிப்பது? கடைசியில் காலி வீதியில் கம்ப்யூட்டர் திருத்தும் தயாபரனுக்குப் போன் எடுத்தாள். அவன் வீட்டுக்குள் வர முடியாது, போனிலேயே சொன்னான்.

"அக்கா, பேயுமில்லை பிசாசுமில்லை. விண்டோஸுக்கும் கீழ ஒரு செட்டிங் இருக்கு. அதில நேரம் குடுத்து வச்சா தானா ஓன் ஆகும். பழைய மெஷின் எண்டா ஓன் ஆகேக்க ஒரு கீயை அமத்திப் போகலாம். இது கண்மூடித் திறக்க முன்னம் விண்டோஸுக்கு வந்திடும். அதால விண்டோஸுக்குள்ளால போவம்."

அவன் சொல்லச் சொல்ல அவள் அமத்தினாள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, ரீஸ்டார்ட். நீலத் திரை வந்தது. அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், யு.ஈ.எஃப்.ஐ. ஃபேர்ம்வெயார் செட்டிங்ஸ். கம்ப்யூட்டர் அணைந்து எழும்பி, அவள் கண்டேயிராத ஒரு சாம்பல் திரையைக் காட்டியது.

"பவர் எண்டதுக்குள்ள அலாரம் மாதிரி ஏதும் இருக்கோ?"

"ஈக்குது தம்பி. ஒவ்வொரு நாளும் பதினாறு மணி எண்டு போட்டீக்கி."

"அதுதான். தொழுதிட்டுப் பள்ளியால வரேக்க ரெடியா இருக்கட்டுமெண்டு அவர்தான் போட்டிருப்பார். டிஸேபிள் குடுத்து, எஃப் டென் அமத்தி சேவ் பண்ணுங்கோ."

இவ்வளவுதானா என்று பைறோஸாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அது அவரில்லை, வெறும் அலாரம். இருபத்துமூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் நாலு மணிக்குத் தைரியமாகவே கம்ப்யூட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். நாலு ஐந்தாயிற்று. நாலு பத்தாயிற்று. திரை கறுப்பாகவே கிடந்தது. அவர் இனி வரவே மாட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜனாஸா தூக்கிய அன்று வராத அழுகையெல்லாம் வந்தது. அழுதுகொண்டே போனை எடுத்தாள்.

"தம்பி, நேத்து எடுத்தத திரும்பப் போடேலுமா?"

"அதுக்குத்தானே அக்கா பயந்தனீங்கள்?"

"இப்பதான் தம்பி அதவிடப் பயமா ஈக்குது."