நான்காம் கட்டிலின் பதிவேடு

வெர்னீட்டா ஸ்டிடம் என்பவள் என்னோடு பத்தொன்பது வருடம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்தாள். வேலை பழக்கியவள் நான். முதல் வாரமே பதிவேட்டில் ஒரு தப்பை ரப்பர் வைத்து அழித்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். எழுதியது தப்பென்றால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், பக்கத்தில் 'தவறு' என்று எழுதிப் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும், கீழே சரியானதை எழுத வேண்டும். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் அழிக்கவில்லை.

ஆட்களைத் தூக்கித் தூக்கி அவள் முதுகு போனது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இடது கால் மரத்தே கிடந்தது. நாற்பத்தெட்டு வயதில் வேலையை விட்டாள். இரண்டு வருடம் வீம்பாக இருந்து பார்த்துவிட்டு, அரசாங்கத்தின் இயலாமை உதவித்தொகைக்கு மனுப் போட்டாள். ஏழு மாதம் கழித்து மறுப்பு வந்தது. மறுபரிசீலனை கேட்டாள், அதற்கும் மறுப்பு. நீதிபதி முன் விசாரணை கேட்டு வரிசையில் நின்றாள். பதினான்கு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். நீதிபதிக்கு உடம்பு சரியில்லை என்று அதையும் தள்ளிவைத்தார்கள். எல்லாம் சேர்த்து மூன்று வருடம். கடைசி ஆறு மாதம் தபால் வண்டிச் சத்தம் கேட்டாலே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவளுடைய வக்கீல், டாக்கெட் என்பவர், தொலைபேசியில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேலை பார்த்த காலத்தில் அவள் கட்டிய காப்பீட்டின் கெடு போன டிசம்பரோடு முடிந்துவிட்டது. இந்த விசாரணையில் தோற்றால் புதிதாக மனுப் போட்டுப் பலனில்லை. குடியிருக்கும் டிரெய்லர் வண்டி வீட்டை விட்டுவிட்டு, ஒஹையோ மாநிலத்தில் அக்காள் வீட்டு நிலவறைக்குப் போக வேண்டியதுதான். இறங்கப் பதினொரு படி. அவள் கால் ஏறாது.

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தபோது கோப்பை எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கு வந்தாள். நானூறு பக்கத்துக்கு மேல். இரண்டு மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தேன். மருத்துவமனைக் குறிப்புகளில், 'நன்றாக இருப்பதாக நோயாளி சொல்கிறார்' என்று பதினோரு இடத்தில் இருந்தது. மனுவோடு அவள் நிரப்பிய படிவத்தில்: 'சமைக்கிறேன். துணி துவைக்கிறேன். சாவு வீடுகளுக்குச் சாப்பாடு செய்து கொண்டுபோகிறேன்.'

படிவத்தை அவள் பக்கம் திருப்பினேன்.

"இது யார் எழுதினது?"

"நான்தான், மிஸ் ஆர்ஃபா. ஏன், கையெழுத்து நல்லால்லையா?"

"கையெழுத்து பிரமாதம். இதைப் படிச்சா நானே உன்னைக் கூரை மாத்தக் கூப்பிடுவேன்."

"பொய் ஒண்ணும் எழுதலையே. போன மாசம்கூட சாவுக்கு பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுபோனேனே."

"எப்படிச் செஞ்ச?"

"ஸ்டூல்ல உக்காந்துதான். பானையைப் பக்கத்து வீட்டுக்காரர் இறக்கி வெச்சார். மறுநாள் மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல."

"அது எங்க எழுதியிருக்கு?"

"அதைப் போய் எழுதுவாங்களா? பிச்சை கேக்குற மாதிரி இருக்கும்."

எங்கள் மலைப்பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான். காலை வெட்டி எடுத்த மறுநாள் கேட்டாலும் 'நல்லாருக்கேன்' என்பார்கள். அன்னியரிடம் வலியைச் சொல்வது மானக்கேடு. அதற்கு மேல் அவளுக்கு என் பயிற்சி வேறு: நோயாளி முன்னால் முகம் சுளிக்காதே.

ஒத்திகை பார்த்தோம். நான் நீதிபதி.

"இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கேங்க. நீங்க?"

மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே பதில். கரண்டியைத் தட்டிக் கீழே விட்டேன். நான் மூச்சு விடுவதற்குள் குனிந்து எடுத்துவிட்டாள். நிமிரும்போது உதடு வெளுத்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எடுத்ததை மட்டும்தாண்டி அவங்க பாப்பாங்க. வீட்டுக்குப் போய் விழுந்து கிடக்குறதை யார் பாக்கப் போறா?"

"அப்ப நடிக்கச் சொல்றீங்களா?"

"இத்தனை வருஷமா நடிக்கிறியே, அதை நிறுத்துங்கறேன்."

உட்கார்ந்தாள்.

"பயமா இருக்கு மிஸ் ஆர்ஃபா. அங்க போனா என் வாய் தானா நல்லாருக்கேன்னு சொல்லிடும். அதோட எல்லாம் முடிஞ்சுது."

அதுதான் என் பயமும். தட்டிக்கொடுத்துப் பிரயோசனமில்லை. பீரோவின் அடியிலிருந்து பழைய பதிவேட்டுத் தாள்களை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

"நாலாம் கட்டில்ல ஒரு பொம்பளை இருக்கா. வயசு அம்பத்து மூணு. இடது கால் மரப்பு. நீதான் அவளுக்கு ஷிப்ட். என்ன செஞ்சா, எவ்வளவு நேரம் செஞ்சா, அப்புறம் என்ன ஆச்சு, எல்லாம் எழுதணும்."

"அந்தப் பொம்பளை பேரு?"

"பேரா முக்கியம்? எழுது."

தன்னைப் பற்றி ஒரு வரி எழுத முடியாதவள், நான்காம் கட்டிலைப் பற்றி இரண்டு வாரத்தில் முப்பத்தெட்டுத் தாள் எழுதினாள். 'அடுப்படியில் ஆறு நிமிடம் நின்றார். கால் மடங்கியது. உட்கார வைக்கப்பட்டார்.' 'சட்டைப் பொத்தான் போட இரண்டு முறை ஓய்வு.' 'பகலில் படுத்த நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம்.' இருபத்துநான்கு வருடம் பழகியவள் நான். இதில் பாதி எனக்கே தெரியாது.

விசாரணை நகரத்தில். காரில் இரண்டு மணி நேரம். பின்சீட்டில் தலையணை வைத்துப் படுத்தே வந்தாள். இரண்டு தடவை என்னை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். அது வலியாலா பயத்தாலா என்று நான் கேட்கவில்லை.

அறை நான் நினைத்ததைவிடச் சிறியது. ஒரு கொடி, ஒரு நீள மேசை, இவள் உடம்புக்கு ஏதாவது வேலை உண்டா என்று சொல்லத் தொலைபேசியில் ஒரு வேலைவாய்ப்பு நிபுணர். நீதிபதி ஒரு பெண்மணி. அவருக்கு ஜலதோஷம், பக்கத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. துணைக்கு வந்தவள் என்பதால் என்னைச் சுவரோரம் உட்கார அனுமதித்தார்.

"மிஸ் ஸ்டிடம், இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கேங்க. உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கா?"

வக்கீல் டாக்கெட்டின் பேனா நின்றது. நீதிபதி ஏதோ தட்டச்சு செய்தார். மூன்று வருடம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது என்றே நினைத்தேன்.

வெர்னீட்டா தன் கைகளைப் பார்த்தாள்.

"அம்மா, முதல்ல சொன்னது தப்பு. அதை ஒரு கோடு போட்டு அடிச்சிடுங்க."

நீதிபதி நிமிர்ந்தார். "அடிக்கணுமா?"

"அழிக்க வேணாம். நான் சொன்னது சொன்னதுதான், வாய்ப்பழக்கம். ஒரு கோடு போட்டு, பக்கத்துல என் முதலெழுத்தைப் போட்டுக்குங்க. கீழ சரியானதைச் சொல்றேன்."

ஷிப்ட் மாறும்போது அடுத்தவளிடம் ஒப்படைக்கும் குரலில், நேராகச் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "காலைல அஞ்சு நாப்பதுக்கு எழுந்தாங்க. காலுறை மாட்ட முடியல. வண்டியில வழிநெடுகப் படுத்து வந்தாங்க, ரெண்டு வாந்தி. வழக்கமா பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல படுக்கணும். இல்லைன்னா கால் தாங்காது."

"யாரைப் பத்திப் பேசறீங்க?"

"நாலாம் கட்டில்." சுவரிலிருந்து பார்வையை நீதிபதி பக்கம் திருப்பினாள். "நான்தாங்க."

டாக்கெட் பதிவேட்டுத் தாள்களை முன்பே அனுப்பியிருந்தார். நீதிபதி அவற்றைப் புரட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நிபுணரிடம், இத்தனை எடை தூக்கலாம், இத்தனை நேரம் உட்காரலாம் என்று கணக்குச் சொல்லி, அப்படிப்பட்டவருக்கு வேலை இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றது குரல். சின்னப் பொருள்களைப் பிரித்து அடுக்குவது, கேமராத் திரையைப் பார்ப்பது. வேலை இருக்கிறதென்றால் உதவித்தொகை இல்லை.

டாக்கெட் கேட்டார்: "பகல்ல ரெண்டு மணி நேரம் படுத்தே ஆகணும்னா?"

எதிர்முனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா எந்த வேலையும் இல்லை."

நீதிபதி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முடிவு தபாலில் வரும் என்றார்.

பதினோரு வாரம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை உறையைப் பிரிக்காமல் என் மேசையில் வைத்துவிட்டு, கதவோரம் முதுகைக் காட்டி நின்றாள். வெண்ணெய்க் கத்தியால் பிரித்தேன். வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன், தப்பாகப் படித்துவிடக் கூடாதே என்று.

"கொடுத்துட்டாங்க."

"முழுசாவா?"

"முழுசா. நீ வேலையை விட்ட நாள்லேருந்து இயலாதவள்னு எழுதியிருக்கு."

அவள் திரும்பவில்லை. "கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க."

படித்தேன். மூன்று வருடம் கழித்து மறுபடி பரிசீலிப்பார்கள் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் சத்தமாகப் படித்தேன்.

வெர்னீட்டா நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பதிவேட்டுத் தாள் இன்னும் இருக்கா, மிஸ் ஆர்ஃபா?"

பீரோவில் ஒரு கட்டு மிச்சமிருந்தது. கொடுத்தேன். அங்கேயே முதல் தாளில் அன்றைய தேதியைப் போட்டாள்.