ஒளிராமல் போன புழுக்கள்

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் இப்போது பாடம் எடுக்கிறேன். மரபணு வகுப்பு வரும்போதெல்லாம், பெங்களூர் ஆய்வகத்தில் என்னோடு இருந்த, எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதூர்க்காரி நினைவுக்கு வந்துவிடுகிறாள். என்னைவிட மூன்று வயது இளையவள். ஊர்ப் பேச்சு பேச அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது.

ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்களுக்குள், பச்சை ஒளி தரும் மரபணு ஒன்றைச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. தலைமுடியைவிட மெல்லிய ஊசியால் அவள்தான் செலுத்துவாள். அது குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்பது எங்கள் கையில் இல்லை. ஒருமுறை அப்படி இரண்டு வம்சங்கள் கிடைத்தன. ஒன்றில் முட்டை உருவாகும் இடம் பளிச்சென்று ஒளிர்ந்தது. இன்னொன்றில் வெறும் இருட்டு.

"ஊசி போடுதப்போ எங்கனயோ பராக்கு பாத்திருக்க, ஏட்டி," என்றேன், எல்லோர் முன்னாலும்.

"இல்லக்கா. ரெண்டுக்கும் ஒண்ணுபோலதான் போட்டேன்."

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு அவள் என்னோடு வரவில்லை.

பொங்கலுக்கு நான் மட்டும் ஊருக்கு வந்தேன். விளாத்திகுளம் போகும் வழியெல்லாம் கரிசலில் கொத்தமல்லி வெள்ளையாகப் பூத்திருந்தது. அவளும் வந்திருக்கலாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

திரும்பிப் போன அன்று அவளே கூப்பிட்டாள்.

"இங்கன பாருங்கக்கா. ஜீன் முழுசா உள்ளதான் இருக்கு, ஒரு எழுத்துகூட மாறல. ஆனா குரோமோசோமோட ஓரத்துல போய் உக்காந்திருக்கு. அந்த இடம் இறுக்கமா சுருண்டு கெடக்கு. அதான் வேலை செய்ய விடமாட்டேங்குது."

விடுமுறை முழுக்க ஒற்றை ஆளாக இருந்து அதைத் தேடியிருக்கிறாள். அன்று அவளைக் குறை சொன்னபோது இருந்தவர்களையெல்லாம் அழைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவளுக்கென்று கொண்டுபோன கடம்பூர் போளியை நீட்டினேன்.

"இதை மொதல்லயே குடுத்திருக்கலாம்லா," என்று வாங்கிக்கொண்டாள்.

பிறகு, இடத்தைக் குறிவைத்துச் சேர்க்கும் வேறொரு முறையில், அதே மரபணுவைக் குரோமோசோமின் நடுவில் நாங்களே தேர்ந்தெடுத்த இடத்தில் சேர்த்தோம். சில வாரங்கள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தவள், நாற்காலியை எனக்கு விட்டு எழுந்தாள். குனிந்து பார்த்தேன். பச்சையாக, வரிசையாக முட்டைகள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.