முகமூடிகளுக்குக் கதவு திறந்தவர்

செல்வராசா அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி ராணி அக்கா தொலைபேசியில் சொன்னபோது, எங்கள் மில்லிக்கன் தெருவில் பிள்ளைகள் பேய் வேடத்தில் வீடு வீடாக இனிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹலோவீன் நாளில் அவர் வீட்டு வாசல் இருண்டு கிடந்தது. அவரை அறிந்த உங்களுக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்பது தெரியும்.

கனடா வந்த புதிதில், சாக்கை முகத்தில் மாட்டிய ஒரு சின்னப் பொடியன் கதவைத் தட்ட, அண்ணை தன் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றாராம். "அவன் சொக்லேற் கேட்டான், இவர் ஐசி குடுத்தவர்" என்று வேலைக்குப் போகும் காரில் நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். ஒருநாள்தான் காரணத்தைச் சொன்னார். இலங்கையில், ஊரில் ஆமிக்காரர் செய்த ஒரு சுற்றிவளைப்பில், அவர்களுக்கு ஆள் காட்டிக்கொடுக்க நிறுத்திய, சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவன் அவருடைய தம்பி கண்ணனைப் பார்த்துத் தலையாட்டினான். பிடித்துக்கொண்டு போனார்கள். கண்ணன் திரும்பி வரவேயில்லை.

பிறகு அண்ணை இந்த நாளின் கதையைத் தேடித் தேடி வாசித்தார். அயர்லாந்துப் பக்கத்துப் பழைய சனம், அறுவடை முடிந்ததும் ஓரிரவு செத்தவர்கள் வீடு வருவார்கள் என்று நம்பினார்களாம். பூசணிக்காய்க்கு முன்னர் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்களாம். "உவையள் ஆவி தங்களை அடையாளம் காணக்கூடாதெண்டு முகத்தை மூடினவை. எங்கட ஊரில ஆளைக் காட்டிக்குடுக்க மூடினவங்கள்" என்றார். அதன்பின் எந்த முகமூடி வந்தாலும் அவரே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"அப்ப கண்ணனுக்கு ஒரு திவசம் செய்யலாமே அண்ணை?" என்று கேட்டுவிட்டேன்.

"செய்தா நானே அவனைச் சாகக்குடுத்த மாதிரியெல்லோ? கதவைத் திறந்து வைக்கிறன். உயிரோட வந்தாலும் வரட்டும், இல்லாமல் வந்தாலும் வரட்டும்."

மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தாய் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுதினேன். சகோதரர் கண்ணனின் பெயருக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அந்தச் சொல்லைப் போடுவதா, விடுவதா?

"எனக்குத் தெரியாது தம்பி. அவரைத்தானே கேக்கவேணும்" என்று ராணி அக்கா குழறி அழுதார். ஒரு மனிதனைச் செத்தவன் என்றோ இருப்பவன் என்றோ எழுத முடியாத இந்த நிலையை யாரிடம் போய் முறையிடுவது? சொல்லைப் போடாமலே அனுப்பிவிட்டேன்.

அண்ணை விட்டுப்போன காத்திருப்பை இனி நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் நாளைக்கே கண்ணன் வந்து கதவைத் தட்டினாலும், எனக்கு அவனுடைய முகம் தெரியாது.