மச்சாளுக்கு விட்டுவைத்த முறை

வீடியோ விளையாட்டின் முதல் காட்சியில், திரையில் ஊர் எரியத் தொடங்கியதும் மச்சாள் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள். போகும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவாள்: "முடிஞ்சாப்பிறகு கூப்பிடும்." நான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கூரைகள் விழுவதையும் சனம் சிதறி ஓடுவதையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஜப்பான்காரர் அந்த நெருப்பை அவ்வளவு வடிவாகக் கீறியிருந்தார்கள். கடைசியில் கறுப்பு அங்கி போட்ட ஒருவன் புகைக்குள்ளால் அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்து வருவான். அத்தோடு காட்சி முடியும். "முடிஞ்சுது, வாரும்" என்று கத்துவேன். அவள் வரப் பிந்தினால் எனக்கு எரிச்சல் வரும். அவள் ஏன் எழும்பிப் போகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் என் அம்மாவின் அண்ணனுடைய மகள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். மாமா ஒரு காலத்தில் கம்பளையில் கடை வைத்திருந்தவர். தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடையும் அதன் பின்னாலிருந்த வீடும் எரிந்தபோது, சின்னப் பிள்ளையாக இருந்த அவளைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். பிறகு யாழ்ப்பாணமே மூட்டை கட்டிக்கொண்டு நடந்த இடப்பெயர்வில் அங்கிருந்தும் வெளிக்கிட வேண்டியதாயிற்று. கனடாவிலிருந்த அவளுடைய அண்ணன் கூப்பிடும்வரை அவளைக் கண்டியில் எங்கள் வீட்டில் விட்டுவைத்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிந்துவிட்டு, வெளியே அதிகம் தலை காட்டாமல், அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்காமல் இருக்க வேண்டிய காலம் அது. நான் பள்ளிக்கூடத்தால் வந்தபின் அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான் துணை.

அந்த விளையாட்டு கண்டிக்குப் பக்கத்திலுள்ள அக்குறணையிலிருந்து வந்தது. அப்பாவின் நண்பர் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம், ஜப்பானிலிருந்து பழைய வாகனப் பாகங்களை இறக்கி விற்பவர். ஏதோவொரு பழைய வான் வண்டிக்குள் யாரோ மறந்துவிட்ட வீடியோ கேம் பெட்டியை எனக்கென்று கொண்டுவந்து தந்தார். "இந்தாங்க மகன். எல்லாம் ஜப்பான் பாசையிலதான் ஈக்கி, ஒண்டும் வெளங்காது. சும்மா தட்டிப் பாருங்க." உள்ளே ஒரேயொரு சீடி. ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் மெமரி கார்ட் இருக்கவில்லை. அப்படியொன்று தேவையென்பதே எங்களுக்குத் தெரியாது. அதுவோ மின்வெட்டுக் காலம். கரண்ட் போனால் ஆடியதெல்லாம் போச்சு, மறுபடி எரியும் ஊரிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காட்சியைத் தாண்டிப் போக ஏதும் பொத்தான் இருந்திருக்கலாம். அதை நான் தேடவேயில்லை, எனக்கு அந்த நெருப்பு பிடித்திருந்தது.

அங்கிக்காரன்தான் கதாநாயகன். எரிந்த ஊரில் தப்பிய ஒரேயொரு பெண் அவனோடு சேர்ந்து நடந்துபோவாள். சண்டை வந்தால் முறைவைத்து ஆட வேண்டும். அவனுடைய முறையில் அவன் வாள் வீசுவான், அவளுடைய முறையில் அவள் காயம் ஆற்றலாம், கேடயம் பிடிக்கலாம். அவன் என்னுடையவன், அவள் மச்சாளுடையவள். பெண்ணின் முறை வந்தால் ஜொய்ஸ்டிக்கை மச்சாளின் கையில் கொடுத்துவிட வேண்டும், ஒருவரின் முறையில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே பேசி முடிவெடுத்தோம்.

எழுத்து விளங்காததால் கதையை நானே கட்டினேன். ஊரைக் காப்பாற்ற வந்த வீரன், பாவம், பிந்திவிட்டான் என்பது என்னுடைய கதை. ஒருநாள் நான் நேரத்தோடு கூப்பிட்டுவிட்டேன். மச்சாள் குசினி வாசலில் நின்று காட்சியின் கடைசியைப் பார்த்தாள்.

"இவன்தான் கொளுத்தினவன்" என்றாள்.

"உமக்கு விசரே? அவன்தான் கதாநாயகன்."

"வடிவாப் பாரும். எல்லாரும் ஓடுகினம், இவன் மட்டும் நடக்கிறான். கொளுத்தினவன் ஏன் ஓடவேணும்? ஓடுறது நாங்கள்."

நான் சிரித்தேன். அவள் தன் இடத்தில் வந்து அமர்ந்து கையை நீட்டினாள். அன்றிலிருந்து அவனுக்கு அவள் மருந்து போடுவதேயில்லை. அவன் உயிர் போகிற நிலையில் கிடப்பான், நான் கதிரையில் துள்ளுவேன். "மருந்து போடுமன்! சாகப்போறான்!" அவள் ஆறுதலாகக் கேடயத்தைத் தெரிவுசெய்வாள். "அவளுக்கு விருப்பமில்லை" என்பாள். அவன் செத்து விழுந்தபின் அந்தப் பெண் தனியே நின்று அரக்கனை அடித்து வீழ்த்திய நாட்களும் உண்டு. அப்போது மச்சாள் கைதட்டிச் சிரிப்பாள். எங்கள் வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்தது அந்த நேரங்களில்தான். நானோ முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பேன்.

விசா வந்தது. வாசலில் வான் நிற்க, அம்மா அழுதுகொண்டிருக்க, மச்சாள் என்னிடம் சொன்னது இதுதான்: "எப்பவாவது முடிவுக்குப் போனீரெண்டால் அவளின்ரை முறையை எனக்கு விட்டு வையும்." ஓம் என்றேன். கொஞ்ச நாளில் கரண்ட் கூடிக் குறைந்து பெட்டி கருகிப் போயிற்று. முடிவு என்னவென்று தெரியாமலே வளர்ந்து, வேலைக்குப் போய், கலியாணமும் கட்டினேன். யுத்தமும் முடிந்தது.

போன வருடம் என் மகன் தன் கணினியில் அதே விளையாட்டை வைத்திருந்தான். புதிதாகத் துலக்கி ஆங்கிலத்தில் விட்டிருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆடத் தொடங்கினேன். முதல் காட்சியிலேயே எல்லாம் வெளிச்சமாயிற்று. மச்சாள் சொன்னது சரி. கொளுத்தியவன் அவன்தான். கொளுத்தச் சொன்ன அரசனிடம் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் கொளுத்தியவன்.

அது தெரிந்தபிறகும் எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த விளையாட்டைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். அவனை நல்லவன் என்று ஓரிடத்திலும் சொல்லமாட்டார்கள். அவனுடைய பசியை உங்கள் பொறுப்பில் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். சப்பாத்துத் தேய்ந்தால் நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். மழையில் நனைந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். குதிரையோடு அவன் தனியாகப் பேசும் சின்னப் பகிடிகளைக் கேட்க வேண்டும். ஒரு ஆளை இப்படிப் பராமரித்துப் பழகிவிட்டால் அவன் செய்ததை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பேச்சுகள் அதிகம் கொடுக்கவில்லை. அவள் பின்னால் வருவாள், காயம் ஆற்றுவாள். இப்போது எல்லா முறையும் என் கையில். அவனுக்கு ஒரு கீறல் பட்டாலும் அவளைக்கொண்டு மருந்து போடுவித்தேன்.

முடிவில், எரிந்த அந்த ஊருக்கே இருவரும் திரும்பி வருகிறார்கள். அவன் வாளைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் முழங்காலில் இருக்கிறான். ஆட்டம் அவளுடைய முறைக்கு மாறுகிறது. திரையில் இரண்டு வரி வந்தது: மன்னிக்கிறேன், மன்னிக்க மாட்டேன். அதற்கு நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. எவ்வளவு நேரமும் அப்படியே விட்டுவைக்கலாம். மச்சாளை எனக்கு நினைவு வராமலில்லை. கைபேசி மேசையில்தான் கிடந்தது. ஆனால் இவ்வளவு தூரம் கூட்டிவந்தவன் செத்துவிடுவானோ என்ற பயத்தில், நல்ல முடிவைப் பார்த்துவிட வேண்டுமென்ற ஆசையில், மன்னிக்கிறேன் என்பதை அழுத்தினேன்.

அவள் அவன் தலையில் கை வைத்தாள். வெயில் வந்தது, இசை வந்தது. "அப்பா, அழுறீங்களோ?" என்று மகன் கேட்டான். அழுதுகொண்டுதான் இருந்தேன். கண்ணைத் துடைத்தபோதுதான் நான் செய்த வேலை உறைத்தது. கம்பளையில் எரிந்த அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட என்னுடையதில்லை. கலவரத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் ஒரு கல் பட்டதில்லை. ஒன்றையும் இழக்காத நான், எல்லாவற்றையும் இழந்தவளுடைய வாயால் மன்னிப்பைச் சொல்லவைத்துவிட்டு, அதைப் பார்த்து நானே உருகிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமையே மச்சாள் கனடாவிலிருந்து வழக்கம்போல அம்மாவோடு கதைக்க அழைப்பு எடுத்தாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். மறைத்துவைத்தால் தாங்காது என்று நானே பேச்சை எடுத்தேன். அவளுக்கு உடனே நினைவு வந்துவிட்டது.

"அவன்தானே கொளுத்தினவன்?"

"ஓம். நீர் சொன்னது சரி."

"முடிவிலை என்ன செய்தவள்?"

"மன்னிச்சிட்டாள்."

"அவளின்ரை முறையை ஆர் ஆடினது?" என்றாள்.

"நான்தான்."

"அப்ப அவள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு, "மாமியின்ரை முழங்கால் நோ எப்பிடி?" என்று என் அம்மாவைப் பற்றி விசாரித்தாள்.