வெர்னாவின் பன்றிமூக்கன்

நெப்ராஸ்காவின் ஒரு சிற்றூரில், தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வெர்னா ஷ்ரோடர் எதையும் மறக்கிற பேர்வழி இல்லை. ஆறு வருடம் அவள் வளர்த்த பன்றிமூக்குப் பாம்பைப் பக்கத்து வீட்டு டெல்மர் மண்வெட்டியால் இரண்டு துண்டாக்கிவிட்டான். கூண்டு மூடியைச் சரியாகப் போடாதது அவள் தப்புதான், ஒப்புக்கொள்வாள். ஆனால், "கிலுகிலுப்பை விரியன்! என் மேல பாஞ்சுது!" என்று அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்ததுதான் அவளுக்குச் செரிக்கவில்லை. ஆளைக் கொல்லும் விஷமில்லாத சாது அது. எறும்பைக்கூட மிரட்டத்தான் செய்யும், கடிக்காது.

அதே இனத்தில் குட்டி ஒன்று வாங்கினாள். பென்சில் நீளம், மேலே தூக்கிய குட்டி மூக்கு. வந்த நாளிலிருந்து, தீனியாகப் போட்ட எலிக்குஞ்சைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் முதுகெலும்பு தெரிந்தது. இந்தப் பாம்புகளுக்குத் தேரை என்றால் உயிர். கொல்லையில் ஒரு தேரையைப் பிடித்து, எலிக்குஞ்சை அதன் முதுகில் நன்றாகத் தேய்த்து நீட்டினாள். வாசனை பிடித்ததும் குட்டி ஒரே கவ்வாகக் கவ்வியது.

"தின்னுடா ராசா. உன்னை வச்சு எனக்கு ஒரு காரியம் ஆகணும்."

அடுத்த கோடையில் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பெட்டியோடு காபிக்கடைக்குள் நுழைந்தாள். அன்றைய காபிக் காசு யார் தலையில் விடியும் என்று விவசாயிகள் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் டெல்மர்.

"என்ன வெர்னா, மறுபடியும் பூச்சி வளர்க்கிறியாமே? மண்வெட்டி கொண்டாரவா?"

அவள் அவன் முன்னால் பெட்டியைத் திறந்தாள். குட்டி கழுத்தை அகல விரித்துச் சீறியது. டெல்மர் நாற்காலியோடு பின்னால் போனான். கடையே சிரித்தது. அடுத்த கணம் குட்டி துடித்துப் புரண்டு, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கப்போட்டு மல்லாந்தது.

"பாத்தீங்களா, என் மூஞ்சியப் பாத்தே செத்துப்போச்சு!" என்றான் டெல்மர்.

"நிமித்திப் போடு" என்றாள் வெர்னா.

ஒற்றை விரலால் நிமிர்த்தினான். செத்த பாம்பு மறுபடி தானாகவே மல்லாந்து செத்த வேஷம் போட்டது. கிழவர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். டெல்மர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அதுவும் இப்படித்தான்..."

"எது?"

"உன்னோடது. நாக்கைப் போட்டுக்கிட்டு இப்படியேதான் கிடந்துச்சு."

"பாஞ்சுதுன்னு சொன்னியே?"

அவன் காபிக் கோப்பைக்குள் ஏதோ முனகினான்.

"சத்தமாச் சொல்லு டெல்மர். கடைசி மேசைக்குக் கேக்கல."

"பாயல." தொண்டையைச் செருமினான். "மல்லாந்து கிடந்ததைத்தான் வெட்டினேன்."

பகடை உருளும் சத்தம் நின்றுபோயிருந்தது. வெர்னாவுக்கு வயிறு குளிர்ந்தது. பாவம் என்று ஒரு துளியும் தோன்றவில்லை. அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"அதெல்லாம் எனக்கு வேணாம்" என்று பெட்டியை மூடினாள். "நாளைக்கும் ஆறு மணிக்கு வருவேன். இன்னிக்கு வராதவங்களுக்கும் நீயே சொல்லணும்."